ரயிலடி நிலமும் நம் காலடி நிலமும்

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தாராவியின் பெயரைத் தாங்கிய மெட்ரோ நிலையம் ஒன்று 2025 மே மாதத்தில் திறக்கப்பட்டது. கஃப் பரேடிலிருந்து ஆரே வரை 33.5 கிலோமீட்டர், 27 நிலையங்கள். அந்தப் பாதை முழுவதும் அதே ஆண்டு அக்டோபரில் ஓடத் தொடங்கிற்று. குளிரூட்டிய பெட்டி, நகரும் படிக்கட்டு, முகம் பார்க்கலாம் போன்ற தரை. நம் பிள்ளைகள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து குதித்தார்கள். நாமும் மகிழ்ந்தோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் அந்த மகிழ்ச்சியோடு கூடவே ஒரு கேள்வியும் பிறந்தது. இன்னும் பத்து ஆண்டுகள் கழித்து இந்தப் படிக்கட்டில் ஏறி வெளியே வருகிறவர்கள் யாராக இருப்பார்கள்? வேலை முடிந்து, கையில் டப்பாவோடு நாம் இங்கே இறங்கி வீட்டுக்கு நடப்போமா? அல்லது ஊர்ப்பெயர் மட்டும் பலகையில் நிற்க, நாம் வேறு எந்தக் கோடியிலோ கிடப்போமா? இதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம்.

ரயில் நமக்குப் பகை அல்ல

நாம் ரயிலை எதிர்ப்பவர்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. நம்மை இந்த ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்ததே ரயில்தான். 1853 ஏப்ரல் 16 அன்று போரி பந்தரிலிருந்து தாணாவுக்கு இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிற்று. 1871இல் பம்பாய்ப் பாதையும் சென்னைப் பாதையும் ராய்ச்சூரில் வந்து கைகோத்தன. அன்று தொட்டு, மழை பொய்த்தாலும், பண்ணையார் விரட்டினாலும், சாதி நெருக்கினாலும், திருநெல்வேலிக்காரனும் சேலத்துக்காரனும் ஆர்க்காட்டுக்காரனும் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஏறுவதற்கு ஒரு வண்டி இருந்தது.

வந்தவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் இறங்கவில்லை. அதையும் மறைக்காமல் பேசுவோம். 1896இல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கிற்று. நெருக்கமான குடியிருப்புகளே நோய்க்குக் காரணம் என்று முடிவு கட்டி, 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஒன்றை வெள்ளை அரசாங்கம் அமைத்தது. அந்த டிரஸ்ட் பழைய பேட்டைகளை இடித்தது. அகலமான சாலைகளை வெட்டியது. இடிபட்ட ஏழைகளில் பெரும்பாலோருக்குப் புதிய கட்டடங்களின் வாடகை எட்டவில்லை. அவர்கள் பக்கத்துப் பேட்டைகளில் போய் இன்னும் நெருக்கமாக அடைந்தார்கள். அதே டிரஸ்ட்தான் தாதரிலும் மாட்டுங்காவிலும் மரங்களும் தோட்டங்களும் வைத்துப் புதிய குடியிருப்புகளை வகுத்தது. எழுத்துப் படிப்புள்ள தமிழர்கள், கம்பெனி குமாஸ்தாக்கள், ரயில்வே கணக்கர்கள் மாட்டுங்காவில் குடியேறினார்கள். கோயில் வந்தது, காப்பிக் கடை வந்தது, 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் வந்தது.

தோல் பதனிட்டவர்களும், நகரைக் கூட்டியவர்களும், ஆலைக்கும் துறைமுகத்துக்கும் கூலிக்குப் போனவர்களும் அங்கிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில், மாஹிம் ஓடைக்கரைச் சதுப்பில், தாராவியில் இறங்கினார்கள். குப்பையும் மண்ணும் கொட்டிச் சேற்றை நிரப்பி நிலமாக்கினார்கள். ஒரே மொழி பேசிய இரண்டு பேட்டைகள். நடுவில் ரயில் தண்டவாளம். ஒன்றுக்கு இன்று பழமையான குடியிருப்பு என்று மரியாதை. மற்றொன்றுக்குச் சேரி என்று பெயர். இந்த வேறுபாடு மண்ணில் விளைந்ததல்ல. அதிகாரம் போட்ட கோடு அது.

நெருக்கம் என்றால் என்ன?

தாராவியின் பரப்பு சுமார் 600 ஏக்கர். அதில் ஆறு லட்சம் பேர் என்பார்கள் சிலர், பத்து லட்சம் என்பார்கள் சிலர். எப்படிக் கணக்கிட்டாலும் உலகத்தின் மிக நெருக்கமான குடியிருப்புகளில் நம்முடையதும் ஒன்று. இத்தனை காலமும் அந்த நெருக்கத்தைக் காட்டித்தான் நம்மைக் குற்றவாளியாக்கினார்கள். நோய் வந்தால் நெருக்கம், தீப்பிடித்தால் நெருக்கம், வெள்ளம் வந்தால் நெருக்கம்.

இப்போது நகரத் திட்டக்காரர்களின் பேச்சு மாறியிருக்கிறது. ரயில் நிலையத்தைச் சுற்றி நெருக்கமாகக் கட்ட வேண்டும் என்கிறார்கள். வீடும் கடையும் வேலையும் ஒரே இடத்தில் கலந்திருக்க வேண்டும் என்கிறார்கள். மக்கள் காரை விட்டு நடந்துபோய் ரயிலேற வேண்டும் என்கிறார்கள். மத்திய அரசு 2017இல் இதற்கென்றே ஒரு தேசியக் கொள்கை வெளியிட்டது. நிலையத்திலிருந்து 500 முதல் 800 மீட்டர் வரை, அதாவது பத்து நிமிட நடைக்குள், அடர்த்தியான குடியிருப்பு வேண்டும் என்பது அதன் சாரம்.

தோழர்களே, இதைப் படித்தபோது நமக்குச் சிரிப்புத்தான் வந்தது. கீழே தையல் மிஷின், மேலே குடித்தனம். முன்னறையில் முறுக்குப் பிழிதல், பின்னறையில் பிள்ளைகளின் படிப்பு. சயானும் மாஹிமும் நடக்கிற தூரம். நம்மில் எத்தனை பேரிடம் கார் இருக்கிறது? இவர்கள் இன்று கொள்கை வகுத்துச் சொல்வதை நாம் நூறு ஆண்டுகளாகச் செய்துகொண்டிருக்கிறோம். அப்படியானால் கொள்கைப்படி நமக்குப் பாராட்டுப் பத்திரம் அல்லவா தரவேண்டும்? இடித்துத் தள்ள வேண்டிய பட்டியலில் நாம் முதலில் நிற்பது எப்படி?

நாம் கொச்சையாகப் பெருமை பேச வரவில்லை. சந்தில் சாக்கடை ஓடுவதைப் பண்பாடு என்று சொல்ல நமக்குப் பைத்தியமில்லை. விடியற்காலையில் பொதுக் கக்கூஸ் வாசலில் வரிசையில் நிற்கிற தாய்மார்களின் வேதனை நமக்குத் தெரியும். நல்ல வீடு வேண்டும், தண்ணீர் வேண்டும், வீட்டுக்குள்ளேயே கழிப்பறை வேண்டும். இதை முதலில் கேட்டவர்கள் நாம்தான். நம் கேள்வி வேறு. நெருக்கமாகக் கட்டுவது நல்லது என்றால், அந்த நெருக்கத்துக்குள் இருக்கப் போவது யார்?

நிலத்தின் விலை எப்படி ஏறுகிறது

எப்.எஸ்.ஐ. என்ற சொல்லை நாம் அடிக்கடி கேட்கிறோம். அது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. ஆயிரம் சதுர அடி மனையில் எத்தனை சதுர அடி கட்டலாம் என்கிற அளவு அது. பம்பாய்த் தீவுப் பகுதியில் அடிப்படை அளவு 1.33. அதாவது ஆயிரத்துக்கு 1,330 சதுர அடி. சேரி மறுவாழ்வுத் திட்டமென்றால் 4 வரைக்கும் உண்டு. ஆயிரத்துக்கு நாலாயிரம். நிலம் ஒரு அங்குலம்கூடக் கூடவில்லை. காகிதத்தில் ஓர் எண் மாறுகிறது. நிலத்தின் விலை பல மடங்காகிறது. அந்த இடத்திலேயே பயன்படுத்த முடியாத கட்டும் உரிமையை டி.டி.ஆர். என்ற சீட்டாக்கி நகரத்தின் வேறு பகுதிகளில் விற்கவும் முடியும்.

மெட்ரோவும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். பாதை போடப் பல்லாயிரம் கோடி வேண்டும். டிக்கெட்டில் அத்தனையும் திரும்பாது. ஆகவே, ரயிலால் ஏறுகிற நில விலையில் ஒரு பங்கை எடுத்து ரயிலுக்குச் செலவிடலாம் என்று 2017ஆம் ஆண்டு மெட்ரோ கொள்கை சொல்கிறது. மும்பையில் 2022 ஏப்ரல் முதல் சொத்துப் பத்திரப் பதிவில் மெட்ரோவுக்கென ஒரு விழுக்காடு கூடுதலாக வசூலிக்கிறார்கள். பொதுப் பணத்தால் விலை ஏறிய நிலத்திலிருந்து பொதுக் கஜானாவுக்குப் பங்கு கேட்பது தவறல்ல. ஆனால் இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. விலை ஏறினால்தான் ரயிலுக்கு வருமானம் என்று வந்துவிட்டால், குறைந்த வாடகையில் குடியிருக்கிற நாம் அந்தக் கணக்கில் நட்டமாகத் தெரிவோம். ஒரு குடும்பம் முப்பது வருஷம் குடியிருந்த கோலி, வரவு நோட்டில் காலி மனையாகப் படும்.

தாராவி இன்று எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மித்தி ஆற்றுக்கு அக்கரையில் பாந்த்ரா-குர்லா வளாகம். அங்கே அகமதாபாத் அதிவேக ரயிலின் முனையம் பூமிக்கடியில் கட்டப்பட்டு வருகிறது. ஒரு பக்கம் மேற்கு ரயில்வே, மறுபக்கம் மத்திய ரயில்வே, நடுவே மெட்ரோ. 1912இல் கட்டிய சயான் மேம்பாலத்தைக்கூட, கூடுதல் தண்டவாளங்களுக்கு இடம் வேண்டும் என்று 2024 ஆகஸ்டில் போக்குவரத்துக்கு மூடினார்கள். நம் பாட்டன்கள் சேறு நிரப்பிய காலத்தில் இந்த நிலம் ஒருவருக்கும் வேண்டியிருக்கவில்லை. இன்று எல்லாருக்கும் வேண்டியிருக்கிறது.

ஆலைப் பகுதி சொல்லும் பாடம்

இது புதிய கதை அல்ல. லோயர் பரேலையும் பழைய எல்பின்ஸ்டன் ரோட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1982 ஜனவரி 18 அன்று டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆலைகள் அதன்பிறகு ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. கிட்டத்தட்ட 600 ஏக்கர் ஆலை நிலம் இருந்தது. 1991ஆம் ஆண்டு விதிப்படி, ஆலை நிலத்தை வேறு பயனுக்கு விட்டால் மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்குத் திறந்தவெளியாக, ஒரு பங்கு வீட்டு வாரியத்துக்கு மலிவு வீடுகளுக்காக, ஒரு பங்கு முதலாளிக்கு என்று இருந்தது. 2001இல் விதியைத் திருத்தினார்கள். பங்கு போட வேண்டியது முழு நிலத்தையும் அல்ல, கட்டடம் இல்லாத காலி இடத்தை மட்டும் என்றார்கள். 2006இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. ஒரு வரித் திருத்தத்தில் பொதுமக்களின் பங்கு கழுதை தேய்ந்து கட்டெறும்பாயிற்று.

அந்த நிலத்தில் அலுவலகங்களும் மால்களும் எழுந்தன. ஆயிரமாயிரம் புதிய ஊழியர்கள் அந்தச் சின்ன நிலையங்களில் வந்து இறங்கினார்கள். கட்டடங்கள் வானத்தைத் தொட்டன. நடைமேம்பாலம் மட்டும் பழைய அகலத்திலேயே நின்றது. 2017 செப்டம்பர் 29 காலை, மழைக்கு ஒதுங்கிய கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு எல்பின்ஸ்டன் ரோடு நிலையப் பாலத்தில் 23 பேர் மாண்டார்கள். அவர்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். நெருக்கம் கொன்றது என்று சொல்லாதீர்கள். நெருக்கத்தால் வந்த லாபத்தை எடுத்துக்கொண்டு, நெருக்கத்துக்கு வேண்டிய பாலத்தைக் கட்டாமல் விட்டது கொன்றது.

இன்னொரு பாடம் மான்குர்டு, கோவண்டிப் பக்கம் இருக்கிறது. ரயில் பாதைக்கும் சாலைக்கும் என்று குடிசைகளிலிருந்து எடுக்கப்பட்ட குடும்பங்களை லல்லுபாய் காம்பவுண்டு, நட்வர் பாரேக் காம்பவுண்டு போன்ற அடுக்குமாடிகளில் குடியேற்றினார்கள். கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே கைநீட்டித் தொடுமளவுக்குத்தான் இடைவெளி. கீழ்மாடிகளுக்கு வெயிலும் காற்றும் எட்டுவதில்லை. அந்தக் குடியிருப்புகளில் காசநோய் பரவுவதற்கும் வெளிச்சமும் காற்றோட்டமும் இல்லாததற்கும் உள்ள தொடர்பை 2018இல் மருத்துவர் குழு ஒன்றின் ஆய்வு எடுத்துக்காட்டியது. குடிசையிலிருந்து மாடிக்குப் போவது மட்டும் முன்னேற்றமாகிவிடாது. மாடியில் மூச்சு விட முடிகிறதா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

அண்ணனுக்குத் தாராவி, தம்பிக்கு உப்பளமா?

இப்போது நம் வாசலுக்கு வருவோம். தாராவி மறுசீரமைப்புத் திட்டம் 2004 முதல் பேச்சில் இருக்கிறது. 2022 டெண்டரில் அதானி குழுமம் வென்றது. 2023இல் அரசு ஒப்புதல் அளித்தது. கூட்டு நிறுவனத்தில் அவர்களுக்கு 80 விழுக்காடு, மாநில அரசுக்கு 20 விழுக்காடு. 2024 முதல் சந்து சந்தாகக் கணக்கெடுப்பு நடந்தது.

அரசு அறிவித்த ஏற்பாட்டின் சாரம் இது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருந்தவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு, இலவசமாக. அதற்குப் பின் 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்கு இரண்டரை லட்சம் ரூபாய் கட்டினால் 300 சதுர அடி வீடு, தாராவிக்கு வெளியே. அதற்கும் பிறகு வந்தவர்களுக்கும், மாடியில் இருப்பவர்களுக்கும், வெளியே வாடகை வீடோ தவணை வீடோ. வெளியே என்றால் எங்கே? காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்டு பக்கத்து உப்பள நிலங்களில் சுமார் 256 ஏக்கர். தேவ்னார் குப்பைமேட்டில் சுமார் 124 ஏக்கர். இந்த இடங்களை அரசு இதற்கென்று ஒதுக்கியிருக்கிறது.

நம்மில் எத்தனை வீடுகளில் கீழே அண்ணன் குடும்பமும் மேலே தம்பி குடும்பமும் இருக்கிறது? இரும்பு ஏணி வைத்து மேலே ஒரு கோலி எழுப்பியது தம்பிக்குக் கல்யாணம் ஆனபோதுதானே? ஒரே அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுவது அண்ணி. வேலைக்குப் போய்ச் சம்பாதிப்பது தம்பி மனைவி. கோடு கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் நடுவில் விழும்போது, அது ஒரு குடும்பத்தின் நடுவில் விழுகிறது.

வேலையும் அப்படித்தான். விடியுமுன் இட்லி அவித்து, தூக்கில் ஏற்றி, சைக்கிளிலும் ரயிலிலும் நகரம் முழுவதும் கொண்டுபோய் விற்கிற நம் ஆட்களுக்கு நிலையத்துக்கு நடக்கிற தூரம்தான் முதல். குப்பைமேட்டுக்கு அப்பாலிருந்து அந்த இட்லி சூடாக வந்து சேருமா? சந்து வெயிலில் மூங்கில் கூடையைக் கவிழ்த்து அப்பளம் காய வைக்கும் பெண்கள் இருபதாவது மாடியில் எங்கே காய வைப்பார்கள்? சூளையில்லாமல் கும்பார்வாடா ஏது? உள்ளூர் ரயிலில் ஐந்து ரூபாயில் தொடங்குகிறது டிக்கெட். மெட்ரோவில் பத்து ரூபாயில் தொடங்கி எழுபது வரை போகிறது. நாள் கூலிக்காரனுக்கு இது சின்ன வித்தியாசமா?

டெல்லியில் நம் மக்களுக்கு நேர்ந்ததை மறக்க வேண்டாம். ஜங்புராவில் மதராசி கேம்ப் என்று பெயர் பெற்ற இடம். அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழர் வாழ்ந்த இடம். கால்வாய் ஓரம் என்று நீதிமன்ற உத்தரவின் பேரில் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. சுமார் 370 குடிசைகளில் 189 குடும்பங்கள் மட்டுமே தகுதியுள்ளவை என்றார்கள். அவர்களுக்கும் வீடு நகரத்தின் மறுகோடியில், நரேலாவில். அக்கம்பக்கத்து வீடுகளில் வேலை செய்து பிழைத்த பெண்களுக்கு அந்தத் தூரம் என்ன என்பதை நாம் விளக்கத் தேவையில்லை. மீதிப் பேருக்கு அதுவும் இல்லை.

எது பாரம்பரியம்?

மும்பைக்குப் பாரம்பரியக் கட்டடங்களைக் காக்க 1995 முதல் தனி விதிகள் இருக்கின்றன. விக்டோரியா டெர்மினஸ் 2004இலும், கோட்டைப் பகுதியின் பழைய கட்டடங்களும் கடற்கரைச் சாலை வீடுகளும் 2018இலும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. நல்லதுதான். கல்லில் செதுக்கியவை நிற்கட்டும். ஆனால் அந்த நிலையத்தின் கல்லைச் சுமந்தவன் எங்கே குடியிருந்தான் என்பதும் இந்த நகரத்தின் வரலாறுதான்.

தாராவியில் 1737ஆம் ஆண்டுக் கோட்டையான காலா கிலா இருக்கிறது. கோலி மீனவர்களின் பழைய கோலிவாடா இருக்கிறது. 1887இல் தொடங்கிய பெரிய மசூதி இருக்கிறது. 1913இல் ஆதிதிராவிட மகாஜன சங்கத்தார் எழுப்பிய பிள்ளையார் கோயில் இருக்கிறது. 1924இல் இங்கே முதல் பள்ளிக்கூடம் தொடங்கியபோது அது தமிழ்ப் பள்ளிக்கூடமாக இருந்தது. ஊரில் கோயிலுக்குள் நுழைய விடாதவர்கள் இங்கே தாங்களே கோயில் கட்டிக்கொண்டார்கள். இது பாரம்பரியம் இல்லையென்றால் எது பாரம்பரியம்?

கட்டடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றியுள்ள மக்களை அப்புறப்படுத்தினால் அது காப்பாற்றியதாகாது. கிர்காவிலும் கால்பாதேவியிலும் மெட்ரோவுக்காகப் பழைய சால்களை இடிக்க வந்தபோது, அங்கிருந்த குடியிருப்பாளர்கள் ஒன்றாக நின்றார்கள். எங்களை வேறெங்கும் அனுப்பாதே, இங்கேயே வீடு கொடு என்றார்கள். அதே வட்டாரத்தில் மறுகுடியமர்த்தும் உறுதியை வாங்கினார்கள். வொர்லி பி.டி.டி. சால்களில் 160 சதுர அடி அறையில் இருந்தவர்களுக்கு அதே மனையில் 500 சதுர அடி வீடு. 2025 ஆகஸ்டில் முதல் தொகுதிச் சாவிகள் கிடைத்தன. ஆக, இருக்கிற இடத்திலேயே வீடு என்பது முடியாத காரியமல்ல. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நம் குறையையும் பேசுவோம்

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். தரைத்தளச் சீட்டு கையில் இருக்கிறவர்களில் சிலர், 'நமக்கு வீடு உறுதி, மாடிக்காரன் பாடு அவன் பாடு' என்று பேசுவதைக் கேட்கிறோம். நம் மாடியில் வாடகைக்கு இருக்கிற உத்தரப் பிரதேசத்துத் தையற்காரரும், தோல்பை தைக்கிற பீகாரி இளைஞரும் நமக்கு மாதாமாதம் வாடகை கொடுத்தவர்கள். அந்த வாடகையில் நம் பிள்ளைகள் படித்தார்கள். இன்று அவர்கள் 'வெளியூர்க்காரர்கள்' ஆகிவிட்டார்களா? 1960களின் கடைசியில் இதே ஊரில் தென்னிந்தியர்களைப் பார்த்து இதே சொல்லை எறிந்தார்கள். கடைகள் உடைந்தன, நம் பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். அந்தச் சொல்லை நாமே இன்னொருவர் மீது எறிந்தால், நாம் பட்ட பாட்டுக்குப் பொருளே இல்லை.

1985 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த ஒல்கா டெல்லிஸ் வழக்குத் தீர்ப்பை நினைவூட்டுகிறோம். அந்த வழக்குக்காரர்களில் ஒருவர் சேலத்திலிருந்து 1961இல் பிழைப்புத் தேடி வந்த நிலமற்ற கூலித் தொழிலாளி. 1981 ஜூலையில் அவருடைய நடைபாதைக் குடிசையை இடித்து, அவரைச் சேலத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். மனைவியும் பெண்பிள்ளைகளும் சேலத்தில் தங்கிவிட்டார்கள். அவர் வேலை தேடித் திரும்பி வந்து மறுபடி நடைபாதையிலேயே ஒண்டினார். பிழைப்புரிமை உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று இந்த நாட்டுச் சட்டத்தில் எழுதவைத்த வழக்கு அது. நோட்டீஸ் கொடுத்து இடிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்லிற்று. கொள்கை வென்றது, குடிசை நிற்கவில்லை. சட்டம் பாதி தூரம்தான் நம்மோடு வரும். மீதித் தூரத்தை நாம் ஒற்றுமையால் நடக்க வேண்டும்.

நாம் கேட்பது

ஒன்று, தரைத்தளம், மாடி, தேதி என்று பிரிக்காமல் தாராவியில் குடியிருக்கிற எல்லாருக்கும் தாராவியிலேயே வீடு வேண்டும். 2017 தேசியக் கொள்கையே நிலையத்தைச் சுற்றிய கட்டும் அளவில் குறைந்தது 30 விழுக்காட்டை மலிவு வீடுகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. அவர்கள் கொள்கையை அவர்களே நிறைவேற்றட்டும்.

இரண்டு, வீடு எங்கேயோ அங்கேயே தொழிலுக்கும் இடம் வேண்டும். சூளைக்கும் தோலுக்கும் தையலுக்கும் மாவு மிஷினுக்கும் காலா கேட்கிறோம்.

மூன்று, கட்டடங்களுக்கு இடையே வெயிலும் காற்றும் வரும் இடைவெளி வேண்டும். நடைமேம்பாலம், பள்ளி, ஆஸ்பத்திரி, சாக்கடை இவற்றைக் கோபுரங்களுக்கு முன்னால் கட்ட வேண்டும்.

நான்கு, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளும், கோயில், மசூதி, தேவாலயங்களும், அவற்றைச் சுற்றி வாழும் மக்களும் வரைபடத்தில் ஒன்றாக இடம்பெற வேண்டும். திட்டத்தாள்களைத் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் உருதிலும் தரவேண்டும். புரியாத தாளில் நாம் கையெழுத்திட மாட்டோம்.

ஐந்து, தகுதியில்லை என்று தள்ளப்பட்ட ஒவ்வொரு குடும்பமும் நேரில் வந்து வழக்குரைக்க வழி வேண்டும்.

கடைசியாக, வீட்டில் நாம் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் பக்கம், மின்சார பில், 1976 கணக்கெடுப்பின் அடையாள அட்டை, பள்ளிக்கூடச் சான்றிதழ் எல்லாவற்றையும் நகலெடுத்து ஒரு கவரில் போட்டு வையுங்கள். வீட்டுப் பெண்களின் பெயரும் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். மாடியில் குடியிருப்பவர்களின் வாடகை ரசீதை மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். அது அவர்களுக்கு ஓர் ஆதாரம். எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு உதவ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சங்க அறையில் நம் இளைஞர்கள் காத்திருப்பார்கள். தமிழர் மட்டும்தான் வரவேண்டும் என்பதில்லை. பக்கத்து வீட்டாரையும் கூட்டி வாருங்கள்.

மூட்டையோடு வந்து இறங்கிய நம் முன்னோர் சேற்றை நிலமாக்கினார்கள். அந்த நிலத்துக்கடியில் இன்று ரயில் ஓடுகிறது. ஓடட்டும். அதில் ஏறி வேலைக்குப் போய், அதிலேயே திரும்பி வந்து, நம் வாசலில் செருப்பைக் கழற்றுகிற உரிமையைத்தான் நாம் கேட்கிறோம்.